காக்கிற பக்கம்

கோவில்பட்டியில் ஸ்கேலை ஊன்றிச் சென்னைக்கு ஒரு நேர்கோடு இழுத்தால் ஏறக்குறைய 500 கி.மீ. வரும். கொழும்புக்கு இழுத்தால் 330தான். ரயிலும் பஸ்ஸும் வடக்கே ஓடுவதால் சென்னை நமக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. நடுவில் கடல் கிடப்பதால் கொழும்பு வேற்று உலகமாகிவிட்டது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில், பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே ஜப்பானியக் கப்பற்படை கொழும்பின்மேல் விமானங்களை ஏவியது. மறுநாள் இன்னொரு படைப்பிரிவின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. 9-ஆம் தேதி திருகோணமலை. பருத்தியும் கம்பும் விளையும் இந்தக் கரிசல் சீமைக்கு அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன்பும் பின்பும் அப்படியொரு கடற்போர் வந்ததில்லை.

அந்த ஒரு வாரத்தை இன்றைக்கும் ஒரு மேசைமேல் விரித்து விளையாடலாம். போர் விளையாட்டு என்றதும் செல்போனில் சுட்டுத் தள்ளுவதை நினைக்க வேண்டாம். இது கடற்படைக் கல்லூரிகளில் நூறு ஆண்டுக்கு மேலாக ஆடப்படும் விளையாட்டு. இரண்டு தரப்பு, இரண்டு வரைபடம், நடுவே ஒரு திரை. இரு பக்கத்தையும் பார்க்கிற உரிமை நடுவருக்கு மட்டும். ஒவ்வொரு சுற்றும் சில மணி நேரத்தைக் குறிக்கும். உங்கள் கப்பல் எங்கே போகிறது, விமானம் எந்தத் திசையில் பறக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர் இரண்டு சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, உங்கள் கண்ணுக்கு எது தெரிந்திருக்குமோ அதை மட்டும் சொல்வார். கோவில்பட்டியில் இதற்குச் செலவே கிடையாது. கப்பலுக்குக் காலித் தீப்பெட்டி, விமானத்துக்குத் தீக்குச்சி. தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

விடுமுறையில் பிளஸ் டூ பிள்ளைகளை உட்கார வைத்தால் எல்லாரும் ஒரே குரலில், “சார், எனக்கு அடிக்கிற பக்கம்” என்பார்கள். அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுய்காகு என்ற ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களையும் அவற்றின் தளபதி நகுமோவின் இடத்தையும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அறிவியல் கற்க வேண்டுமானால் காக்கிற பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்பது என் கட்சி. அடிக்கிறவருக்கு எங்கே அடிப்பது, எப்போது அடிப்பது, எத்தனை பேரோடு அடிப்பது என்ற மூன்றும் முன்கூட்டியே தெரியும். காக்கிறவருக்கு மூன்றும் தெரியாது. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே அவர் வடிவக் கணிதத்தோடும் கடிகாரத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அந்த வடிவக் கணிதத்தைக் காட்ட எங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. பருத்திமார் பிடுங்கி முடிந்த கரிசல் காடு வெட்டவெளியாகக் கிடக்கும்போது நடுவில் போய் நில்லுங்கள். நாலாபுறமும் மண் தட்டையாக ஓடி வானத்தில் முட்டுகிறதே, அந்த விளிம்பு எவ்வளவு தூரம்? தரையிலிருந்து கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கி.மீ. கணக்கில் விடை வந்துவிடும். நின்றுகொண்டிருக்கும் ஆளின் கண் ஏறக்குறைய 1.6 மீட்டரில் இருக்கிறது. விடை நாலரை கி.மீ. பூமி உருண்டை என்பதால் அதற்கு மேல் தரை கீழே வளைந்து மறைந்துவிடுகிறது. 25 மீட்டர் கோபுரத்தில் ஏறினால் 18 கி.மீ. தெரியும். உயரத்தை நாலு மடங்காக்கினால்தான் பார்வை இரண்டு மடங்காகும்; இந்த வர்க்கமூலம் காக்கிறவருக்குக் கொஞ்சமும் இரக்கம் காட்டுவதில்லை. ரேடியோ அலை காற்றில் லேசாக வளைவதால் ரேடாருக்கு மட்டும் சின்னச் சலுகை: 3.57-க்குப் பதில் 4.12.

இதை விமானத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் உயரத்தில் ஒரு ரேடார். வருகிற விமானம் 3,000 மீட்டரில் பறந்தால், இரண்டு உயரங்களின் வர்க்கமூலங்களையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் சுமார் 248 கி.மீ. மணிக்கு 370 கி.மீ. வேகத்தில் அது வந்துசேர 40 நிமிடம் பிடிக்கும். அதே விமானம் அலைகளுக்கு 50 மீட்டர் மேலே தாழப் பறந்து வந்தால் 52 கி.மீ.தான். கையில் இருப்பது எட்டரை நிமிடம். ரேடார் எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும் பூமியின் வளைவு இதற்குமேல் விடாது. விமானியை எழுப்பி, எஞ்சினைக் கிளப்பி, ஓடுபாதையில் ஓடி, எதிரியைவிட உயரத்துக்கு ஏறுவது எல்லாம் அந்த எட்டரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

ஆகவே ரேடாருக்கும் அப்பால், கடலிலேயே எதிரியைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் முதன்முறையாக மலைத்துப்போவார்கள். விமானந்தாங்கிக் கப்பல் 25 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 46 கி.மீ. வேகத்தில், இரவு முழுக்க 12 மணி நேரம் ஓடினால் 550 கி.மீ. நகர்ந்திருக்கும். நேற்று மாலை அதை ஓரிடத்தில் பார்த்தோம், திசை தெரியாது என்று வையுங்கள். காலையில் அது 550 கி.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு ஒன்பதரை லட்சம் சதுர கி.மீ.; ஏழு தமிழ்நாட்டுக்கும் மேல். இரண்டு பக்கமும் 30 கி.மீ. தூரம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேவு விமானம், மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பத்து மணி நேரம் பறந்தால் 1,20,000 சதுர கி.மீ.தான் பார்த்து முடிக்கும். மேகமூட்டம் இல்லாத நாளில் இது. ஒரு விமானத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு தமிழ்நாடுகூட முழுசாகத் தேறாது.

1942 ஏப்ரல் தொடக்கத்தில் இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகே கொக்கலை ஏரியில் இருந்த கேட்டலினா கடல் விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றை ஓட்டியவர் கனடா நாட்டு ஸ்குவாட்ரன் லீடர் லெனார்ட் பிர்ச்சால். அவர் கொக்கலைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 4 விடியுமுன் கிளம்பியவர் நாள் முழுக்க வெறுங்கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலை நெருங்கியது. திரும்புகிற நேரத்தில், தெற்கே தொடுவானத்தில் சில புள்ளிகள்.

அந்த இடத்தில் அவர் எடுத்த முடிவை ஒவ்வொரு ஆட்டத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். புள்ளி தெரிந்ததும் ஓடிவந்திருக்கலாம். ஆனால் “தெற்கே ஏதோ தெரிந்தது” என்ற தகவலை வைத்துக்கொண்டு தீவில் இருக்கிறவர்கள் என்ன செய்ய முடியும்? எத்தனை கப்பல், என்ன ரகம், எந்தப் பக்கம் போகிறது என்பது வேண்டும். பிர்ச்சால் கப்பல்களை நோக்கியே பறந்தார். கப்பல்களிலிருந்து ஜீரோ சண்டை விமானங்கள் எழும்பி வந்தன. செய்தி திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கையிலேயே ரேடியோ அடிபட்டது. விமானம் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு சிறைப்பட்டார்கள். பிர்ச்சால் போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார். செய்தி கொழும்புக்குக் கிடைத்துவிட்டது. இலங்கையின் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த அட்மிரல் லேட்டன் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பலவற்றை அவசரமாக வெளியே அனுப்பினார். காலையில் வந்த குண்டுகளுக்குத் துறைமுகத்தில் இரையாகக் கிடைத்த கப்பல்கள் அதனால் குறைந்தன. ஒன்பது பேர் பறந்த ஒரு விமானம் ஒரு துறைமுகத்தின் கப்பல்களை இரவோடு இரவாகக் கிளப்பியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இவ்வளவு எச்சரிக்கை கிடைத்தும் காலையில் நடந்தது வேறு. எட்டு மணியளவில் ஃபூச்சிடா தலைமையில் 120-க்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பை நெருங்கியபோது, இரத்மலானை விமான நிலையத்துக்கு முன்னறிவிப்பு எட்டவேயில்லை. தலைக்கு மேலே எதிரி பறக்க, பிரிட்டிஷ் தரப்பின் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் ஒன்றிரண்டாகத் தரையிலிருந்து எழும்பின. நகரத்துக்குள் குதிரைப் பந்தய மைதானத்தை ஓடுபாதையாக்கி ஒரு பிரிவை ஒளித்து வைத்திருந்தார்கள். ஜப்பானியர்களுக்கு அந்த இடம் தெரியாது. அங்கிருந்தவர்கள் ஓரளவு ஒழுங்காக எழும்பினார்கள். அன்று தற்காத்தவர்கள் இழந்தது இருபதுக்கும் மேற்பட்ட விமானங்கள். ஜப்பானியர் இழந்தது ஏழு.

ஒன்றிரண்டாகப் போவது ஏன் அவ்வளவு கேடு? ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் முதல் உலகப் போர்க்காலத்திலேயே இதைக் கணக்காகப் போட்டுவிட்டார். 20 தீக்குச்சிகளை ஒரு பக்கமும் 10 குச்சிகளை மறுபக்கமும் வையுங்கள். ஒவ்வொருவரும் எதிரில் உள்ள யாரை வேண்டுமானாலும் சுடலாம் என்றால், அதிகம் பேர் இருக்கிற பக்கத்துக்கு இரட்டை ஆதாயம்: சுடுகிறவர்களும் அதிகம், எதிரியின் குண்டுகள் பங்குபோட்டுக்கொள்ளப்படுவதும் அதிகம். அதனால் பலம் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20-இன் வர்க்கம் 400, 10-இன் வர்க்கம் 100; கழித்தால் 300; அதன் வர்க்கமூலம் 17 சொச்சம். பத்துப் பேரும் அழியும்போது இருபதில் மூன்று பேர் போயிருப்பார்கள். இப்போது அந்தப் பத்தையே ஐந்து ஐந்தாகப் பிரித்து அனுப்புங்கள். முதல் ஐந்துக்குப் பிறகு 375 மிச்சம், அடுத்த ஐந்துக்குப் பிறகு 350, வர்க்கமூலம் 18.7. இப்போது எதிரிக்கு நஷ்டம் ஒன்றேகால் பேர். ஆளும் அதே, விமானமும் அதே. இரண்டு தவணையில் வந்ததற்குக் கொடுத்த விலை, எதிரிக்கு ஏற்படுத்தும் சேதத்தில் பாதிக்கு மேல் போனது. தாமதமாகக் கிடைக்கும் எச்சரிக்கை நேரத்தை மட்டும் தின்பதில்லை, படையையும் பிரித்துப்போடுகிறது. நிஜச் சண்டை இந்தக் கணக்குக்கு அப்படியே அடங்காது என்றாலும், குச்சிகளை எடுத்து வைத்துப் பார்க்கிற பிள்ளை யாரும் அதை மறப்பதில்லை.

அதே ஞாயிறு பிற்பகலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் க்ரூசர்கள் இலங்கைக்குத் தென்மேற்கே சிக்கின. மேலே காவலுக்கு விமானம் இல்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டும் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். மிதந்துகொண்டிருந்த 1,122 பேர் மறுநாள் மாலைதான் மீட்கப்பட்டார்கள். சென்னையிலோ, எதிரி வருகிறான் என்று பிழையாகக் கிடைத்த ஒரு தகவலை நம்பி அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். கண் இல்லாதவரை ஊகம் ஓட ஓட விரட்டும்.

9-ஆம் தேதி திருகோணமலையில் ரேடார் வேலை செய்தது. வருகிற விமானங்களை அது தொலைவிலேயே பார்த்துவிட்டதால் ஹரிக்கேன்கள் நேரத்தோடு மேலே போய்க் காத்திருந்தன. துறைமுகத்திலிருந்த பழைய விமானந்தாங்கி ஹெர்மிஸை முந்தின இரவே வெளியே அனுப்பியிருந்தார்கள். ஆனால் அதில் ஒரு விமானம்கூட இல்லை. மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானியர் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். கொழும்பில் கப்பல்களைக் காப்பாற்றிய அதே யோசனை இங்கே பலிக்கவில்லை.

அன்று இன்னொன்றும் நடந்தது. இலங்கையிலிருந்து கிளம்பிய ஒன்பது பிளென்ஹீம் விமானங்கள் நகுமோவின் கப்பல்கள் இருந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. அகாகிக்குப் பக்கத்தில் குண்டுகள் விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு மேலே ஆள் இருப்பதே தெரிந்தது. ஒரு குண்டும் படவில்லை. ஒன்பதில் பல விமானங்கள் திரும்பவில்லை. என்றாலும் அந்த ஒரு கணத்தில் நகுமோ காக்கிற பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டார். அவர் கப்பல்களில் ரேடார் இல்லை. காக்கிற கலையில் அவர் படை எவ்வளவு பலவீனம் என்பதை இந்தியப் பெருங்கடல் அன்றைக்கே காட்டிவிட்டது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

பார்க்காமல் போனது எப்படி என்பதற்கு ஒரு விளையாட்டே சாட்சி. 1942 மே தொடக்கத்தில் யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியத் தளபதிகள் மிட்வே தீவுத் தாக்குதலை மேசைமேல் ஆடிப்பார்த்தார்கள். அமெரிக்கக் காவல் தரப்பின் விமானங்கள் தாக்கியபோது நடுவர் பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டதாகவும், அகாகியும் காகாவும் மூழ்கியதாகவும் தீர்ப்பானது. தலைமை நடுவராக இருந்த அட்மிரல் உகாகி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மேசைக்குத் திரும்பி வந்தது. உகாகிக்கு ஒரு நியாயம் உண்டு: உயரத்தில் பறக்கும் கரை விமானங்கள் ஓடுகிற கப்பல்மேல் அத்தனை குண்டு போடுவது நடக்காத காரியம், நிஜப் போரிலும் நடக்கவில்லை. பகடை தப்பாக இருந்திருக்கலாம். ஆனால் நாம் தீவைத் தாக்கிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் எதிரி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியையும் பகடையோடு சேர்த்து ஒதுக்கியதுதான் கேடு. ஜூன் 4-ஆம் தேதி சில நிமிடங்களில் அகாகி, காகா, சோரியு மூன்றும் தீப்பிடித்தன, மாலையில் ஹிரியு. கொழும்பை அடித்த ஐந்தில் மூன்று அந்த ஒரே சண்டையில் போயின.

அறுபது ஆண்டு கழித்து அமெரிக்காவிலும் இதே கதை. 2002-இல் ‘மில்லெனியம் சேலஞ்ச்’ என்ற பெரிய போர்ப் பயிற்சியில், ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல் பால் வான் ரைப்பர் தாக்கப்படும் நாட்டின் பக்கத்தை ஆடினார். ரேடியோவில் பேசினால் ஒட்டுக்கேட்பார்கள் என்று மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பிச் செய்தி சொன்னார். சிறு படகுகளையும் ஏவுகணைகளையும் ஒரே நேரத்தில் ஏவி, கணக்கின்படி 16 போர்க்கப்பல்களை மூழ்கடித்தார். ஆட்டத்தை நடத்தியவர்கள் மூழ்கிய கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டு, இனி இப்படித்தான் ஆட வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அவர் விலகிக்கொண்டார். காக்கிறவருடைய வெற்றியை அழித்துவிட்டு ஆடும் ஆட்டத்தைவிட ஆடாமலே இருப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்; ஆடாதவனுக்கு, தனக்குத் தெரியாது என்பதாவது தெரிந்திருக்கும்.

நேர்மையாக ஆடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு லிவர்பூல். அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வேட்டையாடிய காலம். 1942 ஜனவரியில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரி, காசநோயால் பணி ஓய்வு பெற்றவர், ஒரு அறையின் தரையையே கடலாக்கினார். கட்டம் போட்ட தரை, சாக்குக்கட்டியால் கப்பல் பாதைகள். ஆட வந்த அதிகாரிகள் துணித் திரைக்குப் பின்னால் நின்று, சிறிய திறப்பு வழியாக மட்டும் பார்க்க வேண்டும். நீர்மூழ்கியின் பாதை பச்சைச் சாக்குக்கட்டியில் போடப்பட்டது. அந்தக் கோணத்திலிருந்து பச்சைக் கோடு கண்ணுக்குப் பிடிபடாது. ஆட்டத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். எதிரி வெளியிலிருந்து சுடுவதில்லை, கப்பல் கூட்டத்துக்குள்ளேயே நுழைந்து சுடுகிறான் என்பது அந்தத் தரையில் ஆடிப்பார்த்தபோது பிடிபட்டது. அதற்கேற்ற காவல் முறைக்கு அந்தப் பெண்களில் ஒருவரான ஜீன் லெய்ட்லா வைத்த பெயர் ‘ராஸ்பெர்ரி’. நீர்மூழ்கிகளில் பழம் தின்று கொட்டை போட்ட அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் நீர்மூழ்கி பக்கம் உட்கார்ந்து ஆடினார். காவல் கப்பல்களை நடத்திய ஜேனட் ஓக்கெல் என்ற இளம்பெண்ணிடம் திரும்பத் திரும்பத் தோற்றார். அந்தத் தோல்வியை யாரும் திருத்தி எழுதவில்லை.

இன்றைக்கு நம் பக்கத்துக் காவல் கண்கள் அரக்கோணத்தில் இருக்கின்றன. 2013-இலிருந்து அங்கே ராஜாளி தளத்தில் பி-8ஐ வேவு விமானங்கள் இருக்கின்றன. 10,000 மீட்டர் உயரத்திலிருந்து அதே சூத்திரத்தைப் போட்டால் ரேடாரின் தொடுவானம் 412 கி.மீ. பிர்ச்சாலின் கண்ணுக்கு எட்டியதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். தஞ்சாவூரில் 2020-இலிருந்து பிரமோஸ் ஏவுகணை ஏந்தும் சுகோய் விமானப் பிரிவு. இருந்தும் ரேடார் காட்டுவது புள்ளியைத்தான். அது மீன்பிடிக் கப்பலா, எண்ணெய்க் கப்பலா, போர்க்கப்பலா என்று தெரிந்துகொள்ள இன்னும் ஏதோ ஒரு வகையில் கிட்டே போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் பிள்ளைகள் அதிகம் சண்டை போடுகிற சுற்று ஏப்ரல் 2. காக்கிற பக்கத்தில் நீங்கள் பிரிட்டிஷ் கப்பற்படையின் தளபதி அட்மிரல் சோமர்வில். ஏப்ரல் முதல் தேதியையொட்டித் தாக்குதல் வரும் என்று சங்கேதச் செய்திகளைப் படித்த கொழும்புப் பிரிவு சொல்லியிருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே உங்கள் படை காத்துக்கொண்டிருக்கிறது. எதிரி வரவில்லை. பழைய போர்க்கப்பல்களில் குடிநீரும் எண்ணெயும் குறைகின்றன. நிரப்ப வேண்டுமானால் 1,100 கி.மீ. தள்ளி மாலத்தீவின் தென்கோடியில் இருக்கும் அட்டூ பவளத்தீவுக்குப் போக வேண்டும். போகலாமா, இருக்கலாமா? பாதிப் படையை அனுப்பிப் பாதியை நிறுத்துகிற பிள்ளைகள் உண்டு. லான்செஸ்டர் கணக்கு அவர்களைச் சும்மா விடாது. தண்ணீர் தீரும்வரை இருப்போம் என்கிறவர்களும் உண்டு. சோமர்வில் படையின் பெரும்பகுதியோடு போனார். அட்டூவுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு பிர்ச்சாலின் செய்தி வந்தது.

அதற்காக அவரைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கையில் பெரிய விமானந்தாங்கிகள் இரண்டு, எதிரியிடம் ஐந்து. அவருடைய ஒரே ஆதாயம், ரேடார் பொருத்திய ஆல்பகோர் விமானங்களால் இருட்டில் டார்ப்பிடோ போட முடியும் என்பதுதான். பகலில் ஒதுங்கி, இரவில் நெருங்கி எதிரியைத் தேடினார், கிடைக்கவில்லை. ஐந்தாம் தேதி இரண்டு படைகளும் சில நூறு கி.மீ. இடைவெளியில் ஒன்றையொன்று காணாமலே கடந்தன. பகல் வெளிச்சத்தில் சந்தித்திருந்தால் இந்தியப் பெருங்கடலில் மிஞ்சியிருந்த ஒரே காவற்படை அன்றே முடிந்திருக்கும். படை ஆப்பிரிக்கக் கரைக்கு ஒதுங்கிப் பிழைத்தது. 1944 ஏப்ரலில் அதே சோமர்வில், இரண்டு விமானந்தாங்கிகளோடு திருகோணமலையிலிருந்தே கிளம்பினார். 19-ஆம் தேதி காலை, சுமத்திராவின் வடமுனைக்கு அப்பால் சபாங் துறைமுகத்தைக் காத்துக்கொண்டிருந்த ஜப்பானியர்கள் தாக்குதலை எதிர்பார்க்கவே இல்லை. அவர்களுடைய விமானங்கள் தரையில் நின்றபடியே எரிந்தன.